யாழினி கடலில் நீந்தட்டும்

செல்லூர், மதுரை
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நீ, மாப்பிள்ளை, யாழினி எல்லாரும் நலமாக இருக்க மீனாட்சி துணை. ஆடிக் காற்று பலமாக அடிக்கிறது. மாடியில் வடகம் காயவைக்க வழியில்லை, அதனால் இந்த மாதம் பார்சலில் வடகம் கிடையாது.

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் பேசினால் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. நடுவில் யாழினி வந்து போனை வாங்கிக்கொள்வாள், இல்லாவிட்டால் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடும். அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் இதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்த்துவிடு. யாழினியை அந்த நிப்பர்ஸ் வகுப்பில், கடற்கரையில் சின்னப் பிள்ளைகளுக்கு உயிர்காக்கப் பழக்குகிறார்களே அதில், சேர்த்துவிடு. மாப்பிள்ளை சரி என்கிறார், பிள்ளை ஆசையாகக் கேட்கிறாள், நீ ஒருத்திதான் தயங்குகிறாய். அந்தத் தயக்கம் நம் வீட்டிலிருந்து உன்னோடு வந்தது என்று எனக்குத் தெரியும்.

அப்பா உன்னை ஒரு நாளும் தண்ணீரில் இறங்க விட்டதில்லை. குற்றாலத்துக்குப் போனாலும் அருவிக்குப் பத்தடி தள்ளி நிற்கவைத்து, சொம்பில் மொண்டு உன் தலையில் ஊற்றுவார். காரணம் உனக்குப் பாதிதான் தெரியும், மீதியையும் சொல்கிறேன். அப்பாவுடைய பெரியப்பா மகன் ஒருவர், அப்பாவைவிட இரண்டு வயது சின்னவர், ஊர்க் கண்மாயில் போய்விட்டார். கார்த்திகை மாதம், கண்மாய் நிறைந்து கிடந்தது, வயலுக்கு மடை திறந்திருந்தார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைதான். மடைப் பக்கம் போனதும் தண்ணீர் இழுத்திருக்கிறது. எதிர்த்து எதிர்த்து நீந்தி, கை ஓய்ந்துபோய் உள்ளே போய்விட்டான். அப்பா கரையில் நின்று கத்தியிருக்கிறார். மடை திறந்திருக்கிறது, அந்தப் பக்கம் போகாதே என்று சொல்ல அன்றைக்குக் கரையில் பெரிய ஆள் ஒருவர்கூட இல்லை. சாகும்வரை அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு ஆள் இல்லையே என்று.

அவர் பயம் நியாயமான பயம். இன்றைக்கும் நம் பக்கம் கண்மாயிலும் கல்குவாரிப் பள்ளத்திலும் லீவு நாளில் குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பி வராமல் போகிற செய்தி பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. படிக்கும்போது வயிறு எரிகிறது. ஒரு எச்சரிக்கைப் பலகை, ஒரு கயிறு, விசில் வைத்த ஒரு ஆள், இது எதுவும் இருக்காது.

நீ இருக்கிற இடம் வேறு மாதிரி. புரட்டாசிக்குள் சிட்னியிலேயே வென்ட்வொர்த்வில்லை விட்டுக் கடலோரம் மேன்லிப் பக்கம் வீடு மாறப் போகிறீர்கள். வாடகை கூடுதல், நம்ம கடைகள் தூரம், முருகன் கோவில் தூரம். அதெல்லாம் சமாளிக்கலாம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு வரும்போது சாமானும் வாங்கிக்கொள்ளலாம், சாமியும் கும்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் கடல் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கப் போகிறது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் எல்லாரும் அங்கேதான் கிடப்பார்கள். நீ எத்தனை நாள் கையைப் பிடித்து நிறுத்திவைப்பாய்?

தை மாதம் நீ என்னை மேன்லிக்குக் கூட்டிப்போனாயே, அன்றைக்கு நான் ரொம்பப் பேசவில்லை. அம்மாவுக்குப் பிடிக்கவில்லையோ என்று நீ மாப்பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. பிடித்திருந்தது கண்ணு, ரொம்பப் பிடித்திருந்தது. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சர்குலர் கீ படகுத்துறையில் ஃபெர்ரி ஏறியதிலிருந்தே சொல்கிறேன். ஒரு பக்கம் 1932-ல் திறந்த அந்தப் பெரிய இரும்புப் பாலம், இன்னொரு பக்கம் ஓபரா ஹவுஸ். யாழினி எனக்கு எல்லாவற்றையும் கைகாட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள். 11 கிலோமீட்டர், அரை மணி நேரம். துறைமுகத்துத் தண்ணீர் தெப்பக்குளம் மாதிரி அசையாமல்தான் கிடந்தது. நார்த் ஹெட், சவுத் ஹெட் என்று இரண்டு பாறை மலைகளுக்கு நடுவில் கடல் வாசல் வருகிறதே, அங்கே போனதும்தான் கப்பல் தூக்கிப் போட்டது. வெளிக்கடல் அலை நேராக உள்ளே வருகிற இடம் அது என்றார் மாப்பிள்ளை. நீ என் தோளைப் பிடித்துக்கொண்டாய். யாழினி கைப்பிடிக் கம்பியில் ஏறி நின்று சிரித்தாள்.

அந்த நார்த் ஹெட்டில் ஒரு தடுப்பு முகாம் இருந்தது, கப்பலில் தொற்றுநோய் கண்டவர்களை 1830-களிலிருந்து அங்கேதான் இறக்கிவைப்பார்கள், 1984-ல்தான் மூடினார்கள் என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்கு நம்ம மண்டபம் முகாம் ஞாபகம் வந்தது. இலங்கைத் தோட்டத்துக்குப் போன நம் சனங்களையும் அப்படித்தான் இராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கம் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்துப் படகு ஏற்றினார்கள். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள் பாடு எல்லா ஊரிலும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இறங்கியதும் அலை இல்லாத கரை. இதுதான் பீச்சா என்று நினைத்தேன். அப்புறம் கோர்சோ என்கிற அந்தக் கடைத்தெருவில் கொஞ்ச தூரம் நடந்ததும் எதிரே பசிபிக் கடல். இரண்டு தண்ணீருக்கும் நடுவில் மணல் சேர்ந்து உண்டான ஒடுக்கமான நிலம்தான் மேன்லி. அதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மதுரைக்காரிக்குக் கடல் என்றால் இராமேஸ்வரம். அக்னி தீர்த்தத்தில் அலையே கிடையாது, இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று முழுக்குப் போட்டு ஏறிவிடுவோம். அதுவும் எதற்குப் போவோம்? ஆடி அமாவாசை, தை அமாவாசை, திதி. அப்பாவுக்குச் செய்யத்தான் நானும் நீயும் கடைசியாகக் கடலில் நனைந்தோம். போய்ச் சேர்ந்தவர்களுக்காகத்தான் நம் வீட்டில் கடலுக்குப் போயிருக்கிறோம். மேன்லியில் வயசானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் துண்டை விரித்துப்போட்டுச் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த ஊரிலும் ஒரு காலத்தில் பகலில் கடலில் குளிக்கக் கூடாது என்று சட்டம் இருந்திருக்கிறது. 1902-ல் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகைக்காரர், பட்டப்பகலில் இறங்கப் போகிறேன் என்று தன் பேப்பரிலேயே எழுதிவிட்டு மேன்லிக் கடலில் இறங்கினாராம். மறு வருஷம் மேன்லி நகரசபை, உடம்பை மூடிய உடுப்போடு குளிக்கலாம் என்று அனுமதித்துவிட்டது. நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன், ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடலில் இறங்கிய அந்த நேரத்தைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாக எழுத நினைத்தேன்.

நம்ம புதுமண்டபத்துப் பக்கம் எழுகடல் தெரு இருக்கிறதே, அந்தக் கதையை உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். மீனாட்சியைப் பெற்ற காஞ்சனமாலைக்கு வயதான காலத்தில் கடலாட ஆசை வந்தது. மகள் போய்ச் சுந்தரரிடம் சொல்ல, மாமியாரை அலைய விடாமல் அவர் ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைத்துவிட்டார். ஆனால் கரைக்கு வந்த பிறகு அந்த அம்மாளுக்கு ஒரு துக்கம். கணவன் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லாவிட்டால் மகன் கையை, அதுவும் இல்லாவிட்டால் பசுங்கன்றின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் கடலாட வேண்டும் என்பது விதி. அவளுக்குக் கணவனும் இல்லை, ஆண்பிள்ளையும் இல்லை. கடைசியில் இறைவன் மேலுலகத்திலிருந்து மலயத்துவச பாண்டியனையே வரவழைத்து அவள் கையைப் பிடிக்கவைத்தார்.

அந்த விதியில் மகள் கை இல்லை. பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அது எனக்கு உறுத்தும். அன்றைக்கு எனக்கு ஒரு பக்கம் உன் கை, இன்னொரு பக்கம் யாழினி கை. முதல் அலை முழங்காலில் அடித்துவிட்டுத் திரும்பும்போது காலுக்குக் கீழே மணல் நழுவியது. உன் விரல் என் விரலை இறுக்கியது, நடுங்கியது. நீ எனக்காகப் பயந்தாய், உன் பிள்ளைக்காகப் பயந்தாய். ஏழு வயதுப் பிள்ளையின் கை நடுங்கவில்லை. "அலை வரும்போது குதிங்க அம்மாச்சி" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மீனா, அந்தப் பயம் உன்னோடு நிற்கட்டும். அவளுக்குப் போக வேண்டாம்.

பயம் வேறு, ஜாக்கிரதை வேறு. ஜாக்கிரதையை அவளுக்குக் கட்டாயம் கொடு. சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருந்தார்களே, அதற்கு நடுவில்தான் குளிக்க வேண்டும் என்று நீ சொன்னாய். ஏன் என்று கேட்டேன், காவலுக்கு நின்ற பையனிடம் மாப்பிள்ளை விசாரித்துவிட்டு வந்தார். அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எப்படியும் திரும்பிப் போயாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவில் பள்ளம் இருக்கிற இடமாகப் பார்த்து ஒரு வாய்க்கால் போல ஓடித் திரும்புகிறது. அந்த இடத்தில் அலை உடையாது, தண்ணீர் கருத்து, அமைதியாகத் தெரியும். தெரியாதவர்கள் அலை இல்லாத இடம்தானே நல்லது என்று அங்கேயே போய் இறங்குகிறார்கள். இழுத்துக்கொண்டு போகும்போது கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தி ஓய்ந்துபோகிறார்கள். அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்தக் கண்மாய் மடைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனால் மடையில் சிக்கினால் தப்பிக்க வழியில்லை. கடலில் வழி இருக்கிறது: எதிர்க்காதே, மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்டு, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வா. இதைத்தான் நிப்பர்ஸில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நாம் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு ஆளைக் கொண்டுவந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? சிவப்புக் காலும் சிவப்பு மூக்குமாக அந்தக் கடற்காக்கைகள் நம் டப்பாவையே சுற்றிக்கொண்டிருந்தன, அவற்றை விரட்டுவதில் நீ கவனித்திருக்க மாட்டாய். நான் கவனித்தேன். கொடிக்கு வெளியே ஒருவர் கை தூக்கினார். மணலில் நின்ற ஒரு பெண், பதினெட்டு வயதுதான் இருக்கும், நீளப் பலகையை இழுத்துக்கொண்டு ஓடி, அதன்மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் துடுப்புப் போட்டுக்கொண்டு போனாள். அலை அவளை இரண்டு தடவை பின்னால் தள்ளியது. மூன்றாவதைத் தாண்டிப் போய், அந்த ஆளைப் பலகையில் ஏற்றிக் கொண்டுவந்து மணலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு சத்தம், ஒரு கூட்டம் இல்லை. அப்புறம் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள். ஐந்து வயதில் நிப்பர்ஸில் சேர்ந்தவளாம். சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை தன் முறைக்கு வந்து நிற்கிறாளாம். நகரசபை சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற காவலர்களும் இருக்கிறார்கள், இவர்கள் அவர்களைத் தவிர, தாங்களாக வருகிறவர்கள். மேன்லியில் இவர்களுடைய உயிர்காப்புச் சங்கம் 1911-லிருந்து இருக்கிறது. ஆனால் 1980 வரை நாடு முழுக்கப் பெண்களைக் காவலுக்குச் சேர்க்கவே இல்லையாம். அந்தப் பெண்ணின் பாட்டி வயதுக்காரிகள் கரையில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். இவள் இன்றைக்கு ஒரு உயிரைக் கொண்டுவருகிறாள்.

அப்பா சாகும்வரை கேட்ட அந்த ஒரு ஆள் அங்கே நிற்கிறாள். என் பேத்தி அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

அன்று காலையில் சின்னப் பிள்ளைகள் விளையாடியதையும் பார்த்தேன். வரிசையாக மணலில் குப்புறப் படுக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் ரப்பர் குழாய்த் துண்டுகள் மணலில் நட்டிருக்கும், பிள்ளைகளைவிடக் குறைவாக. விசில் அடித்ததும் துள்ளி எழுந்து திரும்பி ஓடி, பாய்ந்து பிடுங்க வேண்டும். கிடைக்காதவர் வெளியே. வாயெல்லாம் மணலோடு எழுந்து வந்த ஒரு குட்டிப் பெண்ணை யாழினி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதே அவள் மனம் போய்விட்டது.

ஒரு விஷயம், கண்ணு. அந்தக் கரையில் ஊசி ஊசியாக உயர்ந்து நிற்கிற நார்ஃபோக் பைன் மரங்களுக்குக் கீழேதானே உட்கார்ந்தோம். அவற்றில் நிறைய மரங்கள் 1960-களிலும் 70-களிலும் பட்டுப்போயிருக்கின்றன. சாக்கடையோடு கடலில் கலந்த சோப்பு ரசாயனம், அலைத் துளியோடு காற்றில் வந்து இலையில் படிந்து மரத்தைக் கொன்றிருக்கிறது. அப்புறம்தான் சுத்திகரிப்பு, 1990-லிருந்து கழிவைக் கரையில் விடாமல் நார்த் ஹெட்டிலிருந்து குழாய் போட்டு ஆழ்கடலில் கொண்டுபோய் விடுகிறார்கள். மரங்களையும் திரும்ப நட்டிருக்கிறார்கள். இங்கே அவனியாபுரம் பக்கம் கண்மாய் வாய்க்காலில் நுரை பொங்கி ரோடு வரைக்கும் வந்தது. அதுவும் இதே சாக்கடை, இதே சோப்புதான். நம் வைகைக்கும் கண்மாய்களுக்கும் அப்படி ஒரு காலம் வர வேண்டும் என்று நான் கும்பிடாத நாள் இல்லை. அங்கேயும் மழைத் தண்ணீர் தெருவில் கிடக்கிற அழுக்கை எல்லாம் அடித்துக்கொண்டுதான் கடலுக்குப் போகும். பலத்த மழை பெய்தால் ஒரு நாள் கடலில் இறங்காதீர்கள். துறைமுகப் பக்கத்துக் கரை என்றால் மூன்று நாள்.

இன்னொன்று. மேன்லியில் குடிபோகும்போது அந்த மண் யாருடையது என்றும் பிள்ளைக்குச் சொல். வெள்ளைக்காரர்கள் வந்த புதிதில், 1789-ல், பென்னலாங் என்ற ஆதிகுடி மனிதரை அந்த மேன்லி வளைகுடாவில்தான் பிடித்துக் கட்டிக்கொண்டு போனார்கள். அவர் தப்பிவிட்டார். மறு வருஷம் அதே கரையில் திமிங்கிலம் ஒதுங்கி, சனங்கள் கூடியிருந்த இடத்துக்கு ஆளுநர் ஃபிலிப் போனபோது, அவர் தோளில் ஈட்டி பாய்ந்தது. பதிலுக்கு யாரையும் சுடக் கூடாது என்று ஃபிலிப் உத்தரவு போட்டார். யாழினிக்கு அந்தக் கரையில் இதைச் சொல்ல வேண்டியது உன் கடமை. சரித்திரம் சொல்லிக் கொடுத்த டீச்சரின் மகள் நீ.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடலில் விடுவதற்கு முன்னால் குளத்தில் நீந்திக் காட்டச் சொல்வார்களாம், அதனால் இப்போதே நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடு, கடைசி நேரத்தில் ஓடாதே. நீயும் சேர். பெரியவர்களுக்கும் வகுப்பு இருக்கிறது என்று நீயே சொன்னாய். முப்பத்தெட்டு வயதில் எப்படி என்று யோசிக்காதே. கை நீட்டு, மூச்சை விடு, மித, அவ்வளவுதான் முதலில். பெற்றவர்களும் கரையில் ஏதாவது வேலை பார்க்க வேண்டும் என்கிறார்களே, மாப்பிள்ளை தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொள்ளட்டும், உனக்குத் தைரியம் வருகிறவரை நீ பெயர் எழுதுகிற மேசையில் உட்கார். முழுக்கைச் சட்டை போட்டு விடு, வெயில் களிம்பைக் காதுக்குப் பின்னாலும் தடவு, அன்றைக்கு அவளுக்கு அங்கேதான் சிவந்துபோயிருந்தது. உப்புத் தண்ணீர் தலையோடு விட்டுவிடாதே, சனிக்கிழமை ராத்திரியே நல்லெண்ணெய் தொட்டுப் பின்னிவிடு. கறுத்துப்போவாள் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. உன் சித்தியும் போனில் அதைச் சொல்வாள், நான் அவளிடம் பேசிக்கொள்கிறேன்.

ஐப்பசியில் வகுப்பு ஆரம்பம் என்றாய். அப்போது உங்கள் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிவைத்துவிடுவார்கள், அங்கே காலை ஒன்பதரை என்றால் இங்கே விடியற்காலை நாலு மணி. நான் எப்படியும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவேன். முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் கரையில் வரிசையில் நிற்கும்போது வீடியோ கால் போடு, மறந்துவிடாதே. போனை மணலில் போடாமல் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

மாவடு ஊறுகாய் இரண்டு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். உன் சிநேகிதி ஆவணியில் அங்கே திரும்பும்போது கொடுத்துவிடுகிறேன், விமான நிலையத்தில் கேட்டால் மறைக்காமல் எழுதிக் காட்டச் சொல். நீச்சல் வகுப்பில் பணம் கட்டியதும் ஒரு மெசேஜ் போடு.

அன்புடன்,
அம்மா